அரட்டை வெல்ல வாட்ஸ்அப் வீழ வேண்டுமா?

2025 செப்டம்பர் கடைசியில், நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஓசையில்லாமல் இருந்த ஒரு செய்திச் செயலி திடீரென்று தலைப்புச் செய்தியானது. மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் ‘அரட்டை’யில் அதுவரை நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றே நாட்களில் அந்த எண்ணிக்கை 3,50,000 ஆகிவிட்டது என்று நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அமெரிக்க இறக்குமதி வரியை ஒட்டி எழுந்த சுதேசிப் பேச்சும் மத்திய அமைச்சர்கள் சிலரின் பரிந்துரையும் சேர்ந்து செய்த வேலை அது. உடனே ஊடகங்கள் கேட்டன: வாட்ஸ்அப்பை இது வீழ்த்துமா? சில வாரங்களில் ஆப் ஸ்டோர் தரவரிசையில் அரட்டை இறங்கியதும் அதே வேகத்தில் அடுத்த கேள்வி வந்தது: தோற்றுவிட்டதா?

இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். தொழில்நுட்பத் துறையில் முதலிடம் பிடித்தவர் பிழைப்பார், மற்றவர் மறைந்துபோவார் என்பதே அது. இந்த நம்பிக்கை சில இடங்களில் உண்மை, பல இடங்களில் தவறு. எங்கே உண்மை, எங்கே தவறு என்று பிரித்துப் பார்க்க ஜோஹோவைவிட வசதியான உதாரணம் கிடைப்பது அரிது. தன் முக்கியமான சந்தைகளில் முதலிடம் பிடிக்காமலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செழித்த நிறுவனம் அது. பின்தங்கியவர்கள் பிழைப்பது மிகக் கடினமான ஒரு சந்தைக்குள் அரட்டையைக் கொண்டு நுழைந்திருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. சந்தைப் பங்கு. ஒரு சந்தையில் விற்கும் நூறு பொருட்களில் உங்களுடையவை எத்தனை என்பது. எண்ணிக்கையில் பங்கா, வருவாயில் பங்கா, லாபத்தில் பங்கா என்று கேட்காமல் இந்த எண்ணை ஏற்கக் கூடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்பதுண்டு.

2. சந்தை ஆதிக்கம். பங்கு அதிகம் என்பது மட்டும் ஆதிக்கம் ஆகாது. போட்டியாளர்களின் அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்ளவோ, போட்டியாளர்களையும் நுகர்வோரையும் தனக்குச் சாதகமாக வளைக்கவோ முடிகிற பலத்தைத்தான் இந்தியாவின் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் ஆதிக்க நிலை என்கிறது. அந்த நிலையில் இருப்பது குற்றமல்ல. அதைத் தவறாகப் பயன்படுத்துவதையே அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு தடுக்கிறது. 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இப்பிரிவின் கீழ்தான். புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்றால்தான் செயலியைத் தொடரலாம் என்று 2021இல் பயனாளர்களுக்கு விதித்த நிபந்தனையே காரணம்.

3. வெற்றி. இந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். செலவு போக மிச்சம் வைத்து, பொருளை மேம்படுத்திக்கொண்டு, பத்து இருபது ஆண்டுகள் நிலைப்பது என்ற பொருளில் இங்கே எடுத்துக்கொள்வோம். பங்குச்சந்தை மதிப்பைப் பத்து மடங்காக்குவது வேறு கதை. அதற்குப் பின்னர் வருவோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆதிக்கம் என்றால் எந்தச் சந்தையில் என்று எல்லை கட்டியாக வேண்டும். இந்தியாவில் அசைக்க முடியாததாகத் தெரியும் வாட்ஸ்அப், ஜப்பானில் லைனுக்கும் தென்கொரியாவில் ககாவோடாக்குக்கும் வியட்நாமில் ஸாலோவுக்கும் பின்னால்தான் நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் கதை

சந்தைப் பங்கு காப்பாற்றாது என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2007 இறுதியில் உலகில் விற்ற கைபேசிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது நோக்கியாவுடையவை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் அதன் பெரிய தொழிற்சாலை தொடங்கியிருந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள்.

ஏழே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 2013 செப்டம்பரில் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்பதாக நோக்கியா அறிவித்தது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் அங்கே உற்பத்தி நின்றது. வாங்கிய மைக்ரோசாஃப்டும் அந்தத் தொழிலில் பிழைக்கவில்லை. 2015இல் அந்தத் தொழிலுக்காக 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

அதே 2007இல்தான் ஆப்பிள் ஐபோனைக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றுவரை உலகக் கைபேசி விற்பனையில் ஆப்பிளின் ஆண்டுப் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத் தாண்டியதில்லை. உலகின் ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவது ஆண்ட்ராய்டு. ஆனால் கைபேசித் தொழிலின் மொத்த லாபத்தில் பெரும்பகுதி ஆப்பிளிடம்தான் போய்ச் சேர்கிறது. 2023ஆம் நிதியாண்டில் அதன் நிகர லாபம் 9,700 கோடி டாலர் அளவில் இருந்தது.

கதையின் கடைசிக் காட்சி இது. மூடிக் கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019இல் அறிவிப்பு வந்தது. அது சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம். ஆப்பிளுக்குப் பொருள் கொடுப்பது. பக்கத்திலேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களும் தயாராகின்றன. உலகையே ஆண்ட நிறுவனம் காலி செய்துவிட்டுப் போன ஊரில், ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கும் நிறுவனத்தின் வேலைதான் இன்று நடக்கிறது.

நோக்கியாவின் நாற்பது விழுக்காடு ஏன் காக்கவில்லை? அது கைபேசிக் கருவிகளில் பெற்ற பங்கு. மக்கள் வாங்கும் பொருளோ கருவியிலிருந்து இயங்குதளத்துக்கும் செயலிகளுக்கும் மாறிவிட்டது. பழைய சந்தையில் எத்தனை பெரிய பங்கு இருந்தாலும் புதிய சந்தையில் அது பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். நோக்கியாவின் இயங்குதளமான சிம்பியனுக்குச் செயலி எழுதுவோர் குறைந்தார்கள், அதனால் வாங்குவோர் குறைந்தார்கள், அதனால் எழுதுவோர் இன்னும் குறைந்தார்கள்.

ஆப்பிள் தன் பாடத்தை இதற்கு முன்பே கற்றிருந்தது. 1997இல் திவாலின் விளிம்பில் நின்றபோது, தனிக் கணினிச் சந்தை ஏறத்தாழ முழுவதும் மைக்ரோசாஃப்டின் கையில் இருந்தது. அந்த ஆகஸ்டில் பாஸ்டன் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மைக்ரோசாஃப்டிடம் 15 கோடி டாலர் முதலீடு பெறுவதாக அறிவித்தார். அரங்கில் இருந்த ஆப்பிள் அன்பர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆப்பிள் வெல்ல வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள் என்றார் ஜாப்ஸ்.

ஆதிக்கம் வேறு, அடித்தள அளவு வேறு

இதைக் கொண்டு ‘பங்கு ஒரு பொருட்டே இல்லை’ என்று முடிவு கட்டிவிட முடியாது. ஐபோனுக்கும் செயலி எழுதுவோர் தேவை. வங்கி, ரயில் டிக்கெட், உணவு விநியோகம் என எல்லாச் செயலிகளும் வராத கைபேசியை யாரும் வாங்கமாட்டார்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் அப்படித்தான் செத்தது. பயன்படுத்தியவர்கள் அதைப் புகழ்ந்தார்கள். செயலி எழுதுவோர்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே தேவைப்படுவது அடித்தள அளவு என்று சொல்லலாம். மற்றவர்கள் உங்களைப் புறக்கணிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் சேர வேண்டும். அதைத் தொட்டுவிட்டால், அதன்பின் பங்கு இருபதா நாற்பதா என்பது லாபத்தை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. ஆப்பிள் அந்த அளவைத் தொட்டது, அதன் வாடிக்கையாளர்கள் அதிகம் செலவழிப்பவர்களாகவும் இருந்தார்கள். விண்டோஸ் ஃபோன் தொடவில்லை.

இந்த அடித்தள அளவு பொருளுக்குப் பொருள் மாறும். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஜோஹோ ஏன் முதலிடம் இல்லாமல் பிழைத்தது

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட இந்த நிறுவனம் விற்பது பெரும்பாலும் அலுவலக மென்பொருட்கள். வாடிக்கையாளர் மேலாண்மை, கணக்கு எழுதுதல், மின்னஞ்சல், பணியாளர் பதிவேடு என ஐம்பதுக்கும் மேற்பட்டவை. 2022-23இல் வருவாய் 8,700 கோடி ரூபாயைத் தாண்டியது, நிகர லாபம் 2,800 கோடிக்கும் மேல். வாடிக்கையாளர் மேலாண்மையில் முன்னணியில் இருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸின் வருவாயோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சந்தைப் பங்குப் பட்டியலில் ஜோஹோவின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியும் நூற்றுக்கு முப்பது ரூபாய் மிஞ்சுகிறது. காரணம் பொருளின் இயல்பில் இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபாரி ஜோஹோவில் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கடைக்காரர் வேறொரு மென்பொருளில் எழுதினால் இவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மென்பொருள் இவருக்கு வேலை செய்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா, அவ்வளவுதான் கேள்வி. மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரமாவது வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஆகும் கூடுதல் செலவு சொற்பம். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் சில லட்சம் சிறு நிறுவனங்கள் மாதாமாதம் கட்டணம் கட்டினாலே போதும். சந்தையில் ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்பது அங்கே நல்ல தொழில்.

இன்னொரு காரணம், பணம் யாருடையது என்பது. ஜோஹோ வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கவில்லை. துணிகர முதலீட்டு நிறுவனங்களின் கணக்கு வேறு விதமானது. அவை பல நிறுவனங்களில் பணம் போடும். பெரும்பாலானவை மூழ்கும். மூழ்கியவற்றின் நஷ்டத்தையும் சேர்த்து ஓரிரு நிறுவனங்கள் ஈடுகட்ட வேண்டும். ஆகவே, ஆண்டுக்கு நூறு கோடி லாபத்தோடு அமைதியாக ஓடும் நிறுவனம் அந்தக் கணக்கில் தோல்விக்குச் சமம். ‘முதலிடம் அல்லது மூடல்’ என்ற மந்திரம் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் விதி அல்ல, முதலீட்டாளரின் அவசரம். இதைப் பொது விதியாக நம்பிப் பணத்தைக் கொட்டி எரித்த நிறுவனங்களின் பட்டியல் நீளமானது.

செய்திச் செயலி ஏன் வேறு மாதிரி

அரட்டைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே வேலை செய்வது வலைப்பின்னல் விளைவு. ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ, அத்தனைக்கு அத்தனை அது மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதே இதன் பொருள். தொலைபேசி வந்த காலத்திலேயே கவனித்த விஷயம்தான். ஊரில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தால் அது அலங்காரப் பொருள்.

கணக்காகப் பார்த்தால், ஐந்து பேருக்கிடையே சாத்தியமான இணைப்புகள் 10. ஐம்பது பேருக்கிடையே 1,225. ஆட்கள் பத்து மடங்கானால் இணைப்புகள் நூறு மடங்குக்கும் மேலாகின்றன. இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது, புதிதாக வரும் எவரும் எந்த மலையின் அடிவாரத்தில் நிற்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பினாலும் ஏமாற்றம்தான். ஐம்பது கோடிப் பேரோடும் யாரும் பேசுவதில்லை. நமக்கு வேண்டியவர்கள் ஐம்பது, நூறு பேர். அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. இருபது பேர் கொண்ட குடும்பக் குழுவில் பதினெட்டுப் பேர் அரட்டைக்கு மாறிவிட்டார்கள் என்று கொள்வோம். பெரியப்பாவும் துபாயில் இருக்கும் அவர் மகனும் மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையை எங்கே அனுப்புவார்கள்? இருபது பேரும் இருக்கும் இடத்தில்தான். ஒரு வாரத்தில் அந்தப் பதினெட்டுப் பேரும் பழைய குழுவுக்கே திரும்பியிருப்பார்கள். செய்திச் செயலியில் நாட்டு அளவிலான பங்கு பெரிதல்ல. ஒவ்வொரு சிறு குழுவுக்குள்ளும் ஏறத்தாழ முழுப் பங்கு வேண்டும். எண்ணிக்கையைவிட அடர்த்தி முக்கியம். ஒரு கோடிப் பதிவிறக்கங்கள் நாடு முழுவதும் தெளித்துக் கிடந்தால் பயனில்லை. ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம், ஒரே ஊர் முழுமையாக மாறினால் அது நிற்கும்.

இதற்கு முன் முயன்றவர்களின் கதையும் இதையே காட்டுகிறது.

1. ஹைக். 2012 டிசம்பரில் வந்த இந்தியச் செயலி. 2016 தொடக்கத்தில் பதிவு செய்தவர்கள் 10 கோடி. அதே ஆண்டு ஆகஸ்டில் 140 கோடி டாலர் மதிப்பிட்டு முதலீடு கிடைத்தது. 2021 ஜனவரியில் மூடினார்கள். அதே மாதம்தான் அரட்டை வெளிவந்தது.

2. கூ. ட்விட்டருக்கு மாற்றாக 2020இல் வந்தது. ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் 2021இல் உரசல் ஏற்பட்டபோது அமைச்சர்களே வந்து சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் கதவடைத்தது. சுதேசி உணர்வு ஆட்களைக் கூட்டிவரும், ஆனால் உட்கார வைக்காது.

3. சிக்னல். இது சற்று வேறு வகை. லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுச் செலவு ஐந்து கோடி டாலர் அளவில். பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது. பயனாளர் எண்ணிக்கையில் வாட்ஸ்அப்புக்கு அருகில்கூட வராது. ஆனால் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத மறையாக்கத்துக்கு, வாட்ஸ்அப் 2016 முதல் பயன்படுத்துவது சிக்னலின் தொழில்நுட்ப நெறிமுறையைத்தான் (புரோட்டோகால்). பங்கே இல்லாத நிறுவனத்தின் கண்டுபிடிப்பு, ஆதிக்க நிறுவனத்தின் ஒவ்வொரு செய்தியிலும் ஓடுகிறது. இதைத் தோல்வி என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்.

அரட்டைக்கு அந்தச் செப்டம்பரில் இங்கேயே ஓர் ஓட்டை இருந்தது. குரல், காணொளி அழைப்புகளுக்கு இருந்த எண்ட்-டு-எண்ட் மறையாக்கம் சாதாரணச் செய்திகளுக்கு இல்லை. கூட்டம் வருமுன் கதவைப் பூட்டியிருக்க வேண்டும் என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

ஆதிக்கம் வந்தால் பணம் வருமா?

வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2014இல் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது வாட்ஸ்அப்பில் ஊழியர்கள் ஏறத்தாழ 55 பேர்; பயனாளர்கள் 45 கோடி. ஆண்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த கட்டணத்தையும் 2016இல் நீக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் உலகத்தின் பேச்சையெல்லாம் இலவசமாகச் சுமந்தது. இப்போதும் அது சம்பாதிப்பது நம்மிடம் அல்ல, வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் வணிக நிறுவனங்களிடமும் விளம்பரதாரர்களிடமும்தான்.

யுபிஐ இன்னும் தெளிவான சான்று. மொத்தப் பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டின் வழியாக நடக்கிறது. எந்த அளவுகோலிலும் இது பெரும் பங்கு. ஆனால் 2020 ஜனவரி முதல் வணிகர்களிடம் யுபிஐ பரிவர்த்தனைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசு விதி. பெட்டிக்கடையில் ஒலிக்கும் ஒவ்வொரு ‘பெறப்பட்டது’ அறிவிப்பும் அந்த நிறுவனங்களுக்குச் செலவுதான். அவை கடன், காப்பீடு, முதலீடு என்று வேறு பொருட்களை விற்றுத்தான் ஈடுகட்டப் பார்க்கின்றன.

ஆதிக்கம் சோம்பலையும் கொண்டுவரும். 2000களின் தொடக்கத்தில் உலகின் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் இணையம் பார்த்தார்கள். 2001இல் ஆறாவது பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், ஏழாவதை வெளியிட்டது 2006இல். அந்த ஐந்து ஆண்டு இடைவெளியில்தான் ஃபயர்ஃபாக்ஸ் நுழைந்தது. பின்னர் 2008இல் குரோம் வந்தது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரருக்கு விடை கொடுத்தாயிற்று.

அதற்காகச் சிறிய பங்கை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, தன் தேடுபொறியை முன்னிருப்பாக (டிஃபால்ட்) வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டியாளரின் தயவில் வாழும் சிறு பங்கு நிம்மதியான வாழ்க்கை அல்ல.

சுவரை உடைத்தால்?

வலைப்பின்னல் விளைவு ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் அடைபட்டிருப்பதால்தான் ஆதிக்கம் தேவைப்படுகிறது. மதில் இல்லாவிட்டால் தேவையும் இல்லை. ஜிமெயிலிலிருந்து ஜோஹோ மெயிலுக்குக் கடிதம் போகிறது. பெறுபவர் எந்த நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் மின்னஞ்சலில் சிறிய நிறுவனங்களும் பிழைக்கின்றன. செய்திச் செயலிகளும் மின்னஞ்சல், யுபிஐ போல ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும், வாட்ஸ்அப் போல மூடிய அமைப்பாக இருக்கக் கூடாது என்று வேம்பு கேட்டது இந்தக் கணக்கில்தான். கொள்கைப் பற்றோடு சுயநலமும் கலந்த கோரிக்கை. அது பரவாயில்லை, பின்தங்கியிருப்பவர்தான் எப்போதும் மதிலை இடிக்கச் சொல்வார்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அதன் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, கேட்கும் பிற செயலிகளுக்கு வாட்ஸ்அப் கதவைத் திறக்க வேண்டும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறு செயலிகளோடு அங்கே இணைப்பு அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

மதிலை இடிப்பதால் மட்டும் ஆதிக்கம் ஒழியும் என்றும் சொல்ல முடியாது. யுபிஐ முழுக்கத் திறந்த அமைப்பு, எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போகும். அப்படியும் இரண்டு நிறுவனங்கள் எண்பது விழுக்காட்டைத் தாண்டின. ஒரு நிறுவனத்துக்கு 30 விழுக்காடுதான் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020இல் விதித்த வரம்பை அமல்படுத்த முடியாமல், காலக்கெடுவை 2026 டிசம்பர் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. யுபிஐயில் ஒருவர் நாளைக்கே செயலியை மாற்றினாலும் பெரியப்பாவுக்குப் பணம் அனுப்புவது நிற்காது.

அரட்டை இன்று பிற செயலிகளோடு பேசும் வசதி இல்லாமல் ஓடுகிறது. ஜோஹோவின் மற்ற தொழில்கள் சம்பாதிக்கும்வரை அதை மூட வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு இல்லை. ஹைக்குக்கும் கூவுக்கும் இல்லாத வசதி அது. வாட்ஸ்அப்பை அரட்டை வீழ்த்தும் என்று தோன்றவில்லை. ஜோஹோவின் அலுவலக மென்பொருளை ஏற்கெனவே பயன்படுத்தும் நிறுவனங்களின் ஊழியர் குழுக்களில் அது வேர் பிடிக்கக்கூடும், ஏனென்றால் அங்கே எல்லோரையும் ஒரே நாளில் மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். ஆகவே அதன் நிலையை அறிய ஆப் ஸ்டோர் தரவரிசை உதவாது. அது புதிதாக இறக்குபவர்களை மட்டுமே பிரதிபலிக்கிறது. பார்க்க வேண்டிய எண் வேறு: செப்டம்பர் பரபரப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் தினமும் அதைத் திறக்கிறார்கள்?